ஆறாம் தளத்துச் சொற்பட்டியல்

வேலை சின்னதுதான்.
தெக் வை பக்கம், பலமாடிக் கார்நிறுத்தத்தின் உச்சியில்
தோட்டம் போட்டிருக்கிறார்கள்.
பார்க்க வருவோர்க்குப் பன்னிரண்டு பலகை,
பலகைக்கு ஒரு சொல், நான்கு மொழி.
தமிழுக்கு வழக்கம்போல் கடைசி இடம்.
இரண்டு வரி, வரிக்கு முப்பது எழுத்து.
மெய்யெழுத்தின் புள்ளியையும் எண்ணுவீர்களா என்று கேட்டேன்.
எண்ணுவார்களாம்.

நான் வயலில் கால் வைத்ததில்லை.
பொங்கலுக்குத் தேக்காவில் கரும்பு வாங்குவதோடு
முடிந்தது என் விவசாயம்.
அதனால் நேரில் போனேன்.
மின்தூக்கி ஐந்தோடு நின்றுவிட
மீதியைப் படியில் ஏறினேன்.

நாற்று:
பஞ்சுக்கட்டியில் முளைத்து, பத்தாம் நாள்
குழாய்த் துளைக்கு இடம் மாறும் இளஞ்செடி.
நடவு:
அதே இடமாற்றம், கையின் பக்கமிருந்து சொன்னால்.

பாத்திக்கு வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது.
தொட்டிகளுக்கு அடியில்
பழைய மஞ்சள் கோடுகள் அழியாமல் கிடக்கின்றன.
அளந்து, பிரித்து, எண்ணும் போட்ட நிலம்.
இங்கே பாத்தி முதலில் வந்தது,
பயிர் பின்னால்.
அறுநூற்றுப் பன்னிரண்டில் முளைக்கீரை,
பதின்மூன்றில் காய்லான்.

வடிகாலில் கை வைக்கவே தேவையில்லை.
காருக்கும் கீரைக்கும்
மழை ஒரே பக்கம்தான் ஓடுகிறது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து.
மூன்று நீல டிரம்களைத் தட்டிக் காட்டினார் ஆரோக்கியசாமி,
அரியலூர்க்காரர், பர்மிட்டில் ஆறாவது வருடம்.
"மொதல் டிரம் இலைக்கு. ரெண்டாவது வேருக்கும் பூவுக்கும்.
மூணாவது, தண்டு சாயாம நிக்க."
முப்பது எழுத்தில் அடங்கவில்லை.
வெட்டவும் மனம் வரவில்லை.

விதைத்து அறுக்கும் ஒரு சுற்று, போகம்.
வருடத்துக்கு எத்தனை என்றேன்.
"யாருக்கா எண்ணுறா? மாசம் ஒண்ணு.
பம்பு நின்னாத்தான் இங்க கோடை."

குத்தகை பட்டியலில் இல்லை, நானாகச் சேர்த்தேன்:
பிறர் நிலத்தைத் தவணைக்கு எடுத்துப் பயிரிடுவது.
இங்கே மூன்றாண்டு.
முடிந்தால் கார்கள் மேலே வரும்.
குழு அதை எடுத்துவிட்டது. இடமில்லையாம்.

பிறகு, களை.
வேண்டாத இடத்தில் முளைத்த செடி.
சொல் சுலபம், படத்துக்குத்தான் பஞ்சம்.
மண்ணே இல்லாத தோட்டத்தில்
களைக்கு எங்கே போவது?

ஆரோக்கியசாமி தூண் மூலைக்கு அழைத்துப் போனார்.
சிமெண்ட் விரிசலில், ஒரு சாண் உயரத்தில்,
குப்பைமேனி.
அதன்மேல் மல்லாந்து புரண்டுகொண்டிருந்தது
ஐந்தாம் தளத்துப் பூனை, மைலோ.
பூனைவணங்கி என்று அந்தச் செடிக்கு
இன்னொரு பெயர் இருப்பதை
அகராதியில் படித்திருக்கிறேன். நம்பியதில்லை.

திங்கட்கிழமை பிடுங்கச் சொல்லி உத்தரவு.
திங்கட்கிழமை காலை, பூனைக்குத் தீனி வைக்கும் மேடம் ஆங்
ஆறு மாடியும் ஏறி வந்துவிட்டார்.
ஹொக்கியனும் மலாயும் கலந்து
மேலாளர் ஃபைசலிடம் ஏதேதோ சொன்னார்.
பாதி எனக்குப் புரியவில்லை.
ஃபைசல் தொப்பியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி,
கடைசியில் செடியைச் சுற்றி
நான்கு செங்கல் வைத்தார்.

நான்கு செங்கல் வைத்தால் அது பாத்தி.
போகிற போக்கில் ஆரோக்கியசாமி
குவளைத் தண்ணீரை ஊற்றினார்.
தண்ணீர் ஊற்றினால் அது பயிர்.
என் பலகை பொய்யாகிவிட்டது.

அச்சகத்துக்கு நாளை மதியம் கெடு.
'வேண்டாத இடத்தில்' என்பதை அடித்துவிட்டு
'கேட்காமல்' என்று போட்டேன்.
கேட்காமல் முளைத்த செடி.
வரியில் இடம் மிஞ்சியது.
அதை என்ன செய்வது என்று
திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில்
ஆரோக்கியசாமியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம்.
பாதி இலை கடிபட்டிருக்கிறது.
செங்கல்மேல் தாடை வைத்துத் தூங்குகிறது மைலோ.
கீழே:
"இதுக்கு மூணு டிரம்மும் வேணாம்க்கா.
அதுபாட்டுக்கு வரும்."